அசைக்கக் கூடாத அம்மா

முப்பது வருஷம் ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்த கண்டக்டரம்மாவுக்கு, இப்போது சொந்த வீட்டில் எழுந்து நிற்க அனுமதி கிடையாது. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு. அவளுக்கு வயிற்றெரிச்சல்.

போன வருஷம் குளியலறையில் வழுக்கி மணிக்கட்டு முறிந்தது. ஸ்கேன் பார்த்து, எலும்பு மெலிந்துவிட்டது என்றார் டாக்டர். பிசியோதெரபி பெண் பயிற்சி சொல்லிக் கொடுத்தாள். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து தடவை எழணும், சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கணும், தினமும் நடக்கணும். "எலும்புக்கு வேலை கொடுத்தாத்தான்மா கெட்டிப்படும்" என்றாள். கண்டக்டரம்மா பத்தையும் அங்கேயே செய்து காட்டிவிட்டு வந்தாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: யார் கையையும் பிடிக்காமல் தெருமுனை வரை போய் வரணும்.

மகன் விட்டால்தானே. வீட்டுச் சாமான்களை பேக்கிங் செய்து இடம் மாற்றுவது அவன் தொழில். கண்ணாடி அலமாரியை அட்டை சுற்றி, கயிறு கட்டி, கீறல் படாமல் இறக்குவதில் மகா கெட்டிக்காரன். உடையற சாமானை அசைக்கக் கூடாது என்பது அவன் வேதம். பெற்றவளையும் அதில் சேர்த்துவிட்டான். மேசை முனையெல்லாம் ஸ்பாஞ்ச், நாற்காலியைச் சுற்றித் தலையணை.

"எங்கம்மா கிளம்பிட்டே? என்ன வேணும்னு சொல்லு, எடுத்துத் தரேன்."

"எனக்கு எந்திரிக்கணும்டா. அதை எடுத்துத் தா பாப்போம்."

"விழுந்துட்டா?"

மருமகளும் அவன் கட்சி. தம்ளரைக்கூடத் தூக்க விடமாட்டாள். பாசமாம் பாசம். கண்டக்டரம்மா நாலு நாள் சண்டை போட்டாள், பத்து நாள் முறைத்தாள், பிறகு சலித்துப்போய் உட்கார்ந்துவிட்டாள். அதை நினைத்தால் தன் மேலேயே ஆத்திரம் வருகிறது.

இன்று காலை மறுபடி ஸ்கேன். இடுப்பெலும்பு முன்னைவிட மோசம். பயிற்சி எப்படிப் போகிறது என்று டாக்டர் கேட்க, மகன் முந்திக்கொண்டான்.

"ஒரு வருஷமா அசையவே விடல சார்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "வெறும் மாத்திரை மட்டும் போதாதுன்னு சொன்னேனே. இப்படி உக்கார வச்சா எலும்பும் போகும், தசையும் போகும்."

வீட்டுக்கு வந்ததும் கண்டக்டரம்மா தலையணைகளைத் தூக்கி எறிந்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழப் பார்த்தாள். ஒரு சாண் எழும்பினாள், தொப்பென்று உட்கார்ந்தாள். மறுபடியும் அதேதான். ஒன்றுகூட முடியவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது.

மகன் ஓடி வந்து கை நீட்டினான்.

"தொடாதே. பக்கத்துல நில்லு, போதும்."

அவள் மூன்றாவது தடவை முன்னால் சாய்ந்தாள். அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.