மகள் உடம்பில் என் சம்பளம்

இங்கே ஆண்கள் தராசில் ஏறுவதற்கு முன் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைக்கிறார்கள். சிலர் மோதிரத்தையும் கழற்றுகிறார்கள். கட்டாரின் டோஹாவில் நான் துப்புரவு வேலை செய்யும் உடற்பயிற்சிக் கூடத்தின் மூலையில் அந்தக் கண்ணாடித் தராசு இருக்கிறது. அதில் படியும் கால் தடங்களைத் துடைப்பது என் வேலைகளில் ஒன்று. வியர்க்க வியர்க்க ஓடிவிட்டு வந்து அதில் ஏறி நிற்பார்கள். இலக்கத்தைப் பார்த்துச் சிலர் சிரிப்பார்கள். சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடியும் ஓடப் போவார்கள். இலங்கையில், பொகவந்தலாவைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தராசு என்றால் அது கொழுந்து நிறுக்கத்தான். சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கழித்துக் கழித்து எழுதுவார்கள். குறைந்துவிட்டதே என்று பெண்கள் சண்டை போடுவார்கள். எடை குறைந்தால் சந்தோஷப்படுகிற மனிதர்களை நான் முதன்முதலாக இந்த ஊரில்தான் கண்டேன்.

ஊரில் இருக்கும் உங்களுக்கும், என்னைப் போலப் பிள்ளையை விட்டுவிட்டு வந்து இங்கே அறைக்கு ஆறு பேராகப் படுத்திருக்கும் உங்களுக்கும் இதை எழுதுகிறேன். எனக்கு ஒரே மகள். டிலானி. பன்னிரண்டு வயது. நான் கட்டாருக்கு வரும்போது இரண்டாம் வகுப்பில் இருந்தாள். இப்போது ஏழாம் வகுப்பு. ஐந்தாம் வகுப்புவரை தோட்டத்துப் பாடசாலைக்கு நடந்து போனவளை, டவுனில் இருக்கும் பெரிய பாடசாலைக்கு வேன் பிடித்து அனுப்பினோம். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பிள்ளைகளில் அவள் ஒருத்திதான் வேனில் போனாள். என் மனைவி புஷ்பராணி கொழுந்தெடுக்கிறாள். அவள் மலையிலிருந்து இறங்கி வரும்வரை பிள்ளை வீட்டுக்குள்ளேயே இருந்து, நான் அனுப்பும் பிஸ்கட்டையும் சொக்லட்டையும் சாப்பிட்டுக்கொண்டு டீவி பார்ப்பாள். கொஞ்சம் சதை போட்டாள். எனக்கு அது தெரியக்கூட இல்லை. தொலைபேசித் திரையில் முகம் மட்டும்தானே தெரியும். முகம் வட்டமாக, பார்க்க அழகாக இருந்தது. பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று நிம்மதியாக வேலைக்குப் போனேன்.

சென்ற வருடம் பாடசாலை விடுமுறையில் ஒரு நாள், வேலை நேரத்தில் புஷ்பாவின் அழைப்பு வந்தது. "ஏங்க, பயப்படாதீங்க. பாப்பா நல்லாத்தான் இருக்கா" என்று தொடங்கினாள். வெளிநாட்டில் இருப்பவனை இதைவிடப் பயமுறுத்தும் வார்த்தை வேறு கிடையாது. துடைப்பத்தை அப்படியே சுவரில் சாய்த்துவிட்டுக் கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன்.

நடந்தது இதுதான். புஷ்பா காலையில் வேலைக்குக் கிளம்பியதும் டிலானி ஒவ்வொரு நாளும் தனியாக ஓடப் போயிருக்கிறாள். தேத்தண்ணிகூடக் குடிக்காமல். யாரோ காட்டிய வீடியோவைப் பார்த்து, வயிற்றைச் சுற்றி பொலித்தீன் கட்டி, அதற்கு மேலே இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு. எங்கள் தோட்டத்துச் சாலை எப்படி என்று உங்களுக்குத் தெரியும். சும்மா நடந்தாலே மூச்சு வாங்கும் ஏற்றம். அன்று மேல் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் பார்த்திருக்கிறார்கள். ஓடி வந்த பிள்ளை நின்றாள், வழியோரக் கல்லைப் பிடிக்கக் கை நீட்டினாள், பிடி கிடைக்காமல் கீழே சரிந்தாள். கூடைகளை இறக்கிப் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தூக்கினார்கள். ஒருத்தி பொலித்தீனை அவிழ்த்தாளாம். உள்ளே உடம்பெல்லாம் வெந்ததுபோல் சிவந்து கிடந்ததாம். கணுக்கால் பிசகி வீங்கியிருந்தது. ஒரு முச்சக்கரவண்டியை மறித்து வைத்தியசாலைக்குக் கொண்டு போனார்கள்.

அங்கே இருந்த டாக்டர் சிங்களப் பெண். தனக்குத் தெரிந்த தமிழில் புஷ்பாவிடம் கேட்டிருக்கிறார். "பிள்ளை சாப்பாடு இல்லை. நிறைய நாள் சாப்பாடு இல்லை. வீட்டில் கஷ்டமா?"

"இல்லீங்க டொக்டர். வீட்டுல எல்லாம் இருக்கு. அவுங்கப்பா வெளிநாட்டுல இருக்காங்க."

டாக்டர் நம்பவில்லை. உதவிக்கு யாரிடம் சொல்லலாம் என்று தாதியிடம் சிங்களத்தில் பேசியது புஷ்பாவுக்குப் புரிந்துவிட்டது. அலுமாரி நிறையப் பால்மா இருக்கிறது, பிள்ளைதான் தொடுவதில்லை என்று அரைகுறைச் சிங்களத்தில் அவள் சொல்லச் சொல்ல, வெட்கத்தில் அழுகை வந்துவிட்டதாம். கடைசியில் டாக்டருக்குப் புரிந்தது. சேலைன் ஏற்றி, காலுக்குக் கட்டுப் போட்டு, இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார். உடம்பில் வேறு கோளாறு எதுவும் இல்லை, கால் ஆறியதும் விளையாடட்டும், ஆனால் ஏன் சாப்பிட மறுத்தாள் என்று பேசிப் பாருங்கள் என்றார்.

பேசினேன். வேலை முடிந்து வந்து, கட்டிலில் உட்கார்ந்து, திரையில் அந்த முகத்தைப் பார்த்துப் பேசினேன். எதைக் கேட்டாலும் "ஒன்னுமில்லப்பா" என்றாள். ஸ்கூல்ல யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா என்று கேட்டதும் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். திரை கறுப்பானது. அந்தக் கறுப்புக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"என்னைய கட்டார் மூட்டைன்னு கூப்புடுறாங்க."

"யாரு பாப்பா?"

"எல்லாரும். ஒங்க சம்பளம் முழுக்க என் ஒடம்புலதான் இருக்காம். நீங்க அங்க வெயில்ல கெடந்து கஷ்டப்படுறீங்களாம். நான் தின்னு தீர்க்குறேனாம்."

பிள்ளைகளுக்குத் தாமாகத் தோன்றுகிற பேச்சில்லை அது. மெல்ல மெல்ல விசாரித்ததில் தெரிந்தது. புஷ்பாவின் தம்பி ரவி, உறவுக்காரர் வீட்டுப் பந்தியில், டிலானியின் இலையைக் காட்டி இதைச் சொல்லியிருக்கிறான். பந்தியே சிரித்திருக்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் அவன் மகனும் அதே பாடசாலையில்தான் படிக்கிறான். பேச்சு அவனோடு வேனில் ஏறி டவுனுக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து நான் அனுப்பிய எதையும் அவள் வாயில் வைக்கவில்லை. சொக்லட்டை எல்லாம் பக்கத்து லயத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறாள். உடம்பைக் குறைத்தால் அப்பாவின் கஷ்டம் குறையும் என்று நினைத்திருக்கிறாள்.

எங்கள் கூடத்தில் பீட்டர் என்று ஒரு பயிற்சியாளர் இருக்கிறார். கென்யாக்காரர். என்னிடம் பெயர் சொல்லி வணக்கம் சொல்கிறவர் அவர் ஒருவர்தான். மறுநாள் துணிந்து அவரிடம் போனேன். என் ஆங்கிலம் கதவைத் திறக்கவும் மன்னிப்புக் கேட்கவும் மட்டுமே போதுமானது. மகள், பதினொரு வயது, எடை, விழுந்துவிட்டாள் என்று கையையும் காலையும் ஆட்டிச் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு அவர், "வாட் டஸ் ஷீ லைக்?" என்றார்.

அவள் எப்படி இருப்பாள் என்று கேட்கிறார் என நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் குண்டு, மாநிறம், அவள் அம்மாவின் மூக்கு என்று விவரித்தேன். பீட்டர் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு, பந்து எறிவதுபோலவும் ஆடுவதுபோலவும் நீந்துவதுபோலவும் செய்து காட்டி மறுபடி கேட்டார். அப்போதுதான் புரிந்தது. அவளுக்கு என்ன செய்யப் பிடிக்கும்?

எனக்குத் தெரியவில்லை. இரண்டாம் வகுப்பில் அவளுக்கு என்ன பிடிக்கும் என்று தெரியும். என் தோளில் ஏறி, தோட்டத்துக் கைக்குழந்தைகளை விடும் பிள்ளைக்காம்பராவரை போகப் பிடிக்கும். ஆறாம் வகுப்பில் என்ன பிடிக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. "ஐ டோன்ட் நோ சார்" என்றேன். பீட்டர் என் தோளில் கை வைத்து, மெதுவாக, எனக்குப் புரிகிற சொற்களாகப் பார்த்துச் சொன்னார். வளர்கிற பிள்ளையைப் பட்டினி போடக் கூடாது. தராசில் ஏற்றக் கூடாது. வயிற்றைச் சுற்றி எதையும் கட்டக் கூடாது. காலையில் சாப்பிட வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், ஓடுமுன் உடம்பைச் சூடாக்க வேண்டும், வலித்தால் நிறுத்த வேண்டும். தனியாக வேண்டாம், யாராவது கூட விளையாடட்டும். அவளுக்குப் பிடித்ததாக இருந்தால் போதும். மற்றதெல்லாம் பிறகு. நான் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக் காட்டினேன்.

அன்று மகளிடம் வேறு எதையும் கேட்கவில்லை. "பாப்பா, ஒனக்கு என்ன வெளையாடப் புடிக்கும்?" என்று மட்டும் கேட்டேன். "பெட்மின்டன். ஆனா யாரும் சேத்துக்க மாட்டாங்க" என்றாள்.

"அம்மா இருக்காள்ல?"

"அம்மாவா?" என்று சிரித்துவிட்டாள். பல வாரங்களுக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன். உள்ளே இருந்த புஷ்பாவும், "நான் எங்கங்க வெளையாடுறது, குனிஞ்சு நிமிந்தா நாரி விட்டுப் போயிரும்" என்று சத்தம் போட்டுச் சிரித்தாள்.

ரவியிடம் பேச வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவன் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறான் என்று தெரிந்து அழைத்தேன். தொலைபேசியை எல்லோருக்கும் கேட்கும்படி போடச் சொன்னேன். பாப்பாவும் பக்கத்தில் இருக்கட்டும் என்றேன்.

"மச்சான், பந்தியில நீ சொன்னியாமே, என் சம்பளம் அவ ஒடம்புல இருக்குன்னு."

"ஐயோ மச்சான், அது சும்மா வெளையாட்டுக்குச் சொன்னதுங்க. புள்ள இதப் போயி மனசுல வச்சுக்கிருச்சா?"

"வெளையாட்டில்ல ரவி. நீ சொன்னது உண்மைதான். என் சம்பளம் அவ ஒடம்புலதான் இருக்கணும். வேற எங்க இருக்கணும்? சொல்லு. அவ வயிறு நெறைய சாப்புடணும்னுதானே நான் இங்க வந்து கெடக்குறேன். அவ சாப்புடலன்னா நான் எதுக்கு இங்க?"

என் அறையில் படுத்திருந்தவர்களும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் பதுளைக்காரர், மூன்று பிள்ளைகளின் தகப்பன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ரவி பேசினான். என்னிடமல்ல. "மாமா சொன்னது தப்புடா தங்கம். இனிமே அப்படிப் பேச மாட்டேன். என் மவன்கிட்டயும் சொல்றேன்." அதன் பிறகு பிள்ளையின் குரல் கேட்டது. "அம்மா, பசிக்குது." அவ்வளவுதான். புஷ்பா ரொட்டி தட்டும் சத்தம் கேட்கும்வரை தொலைபேசியை வைக்கவில்லை.

கால் ஆறியதும், பீட்டர் சொன்னதையெல்லாம் நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்க, விளையாட்டு தொடங்கியது. இடம், எங்கள் பெரட்டுக் களம். காலையில் தொழிலாளரை வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கும் அந்தத் தரை, மாலையில் சும்மாதான் கிடக்கும். ரவி இரண்டு மூங்கில் கம்பு நட்டு, மரக்கறித் தோட்டத்துக்குக் கட்டும் பழைய வலையைக் குறுக்கே கட்டிக் கொடுத்தான். முதல் வாரம் தாயும் மகளும் மட்டும். கூடை சுமந்த இடுப்பைப் பிடித்துக்கொண்டு புஷ்பா ஆடிய ஆட்டத்தைப் பார்க்க லயமே கூடியதாம். பிறகு லயத்துப் பெண் பிள்ளைகள் இரண்டு பேர் வந்தார்கள். பிறகு ரவியின் மகன் வெட்கப்பட்டுக்கொண்டே வந்து ஓரமாக நின்றான். டிலானிதான் ஒரு ரெக்கெட்டை அவனிடம் நீட்டினாளாம்.

பாடசாலைக்கும் புஷ்பா போய் வகுப்பு மிஸ்ஸைப் பார்த்தாள். அந்த மிஸ் யாரையும் எழுப்பி நிறுத்தித் திட்டவில்லை. வகுப்பில் யார் யாருடைய அப்பா அம்மா வெளிநாட்டில் இருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார். பாதி வகுப்பு கை தூக்கியதாம். அதற்குப் பிறகு அந்தப் பட்டப்பெயரைச் சொல்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். இன்னும் ஒன்றிரண்டு பேர் சொல்வதுண்டு. அப்போது என்ன செய்வாய் என்று கேட்டேன். "கேட்டது மாதிரியே காட்டிக்க மாட்டேன். ரொம்பச் சொன்னா மிஸ்கிட்ட சொல்லுவேன். வீட்டுக்கு வந்து அம்மாகிட்டயும் சொல்லுவேன். உள்ளுக்குள்ள வச்சுக்க மாட்டேன்" என்றாள். கடைசி வாக்கியத்துக்காக அவளைத் தூக்கிச் சுற்ற வேண்டும்போல் இருந்தது.

இந்த வருடம் விடுமுறையில் போனபோதுதான் அவளை முழுதாகப் பார்த்தேன். ஒல்லியாகிவிடவில்லை. உயர்ந்திருந்தாள். கன்னம் அதே வட்டம்தான். வந்த இரண்டாம் நாளே என்னைக் களத்துக்கு இழுத்துப் போனாள். உடற்பயிற்சிக் கூடத்தில் வேலை செய்கிறவன் என்று ஊரெல்லாம் பெயர். சமதரையிலும் குளிரூட்டியிலும் இருந்து பழகிய எனக்கு அந்த உயரத்துக் காற்று போதவில்லை. ஒரு ஆட்டம் முடிவதற்குள் இடுப்பில் கை வைத்துக் குனிந்து நின்றுவிட்டேன்.

"அப்பா, மொதல்ல ஒடம்பச் சூடாக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க? வலிச்சா நிப்பாட்டிரணும். உக்காருங்க. தண்ணி குடிங்க."

உட்கார்ந்து குடித்தேன். மலைக்கு மேலே மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. தாயும் மகளும் ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். அன்று மாலை அவள் நான் கொண்டு போன சொக்லட்டைப் பிரித்து, எனக்கு முன்னால் உட்கார்ந்து தின்றாள். எனக்கும் பாதி கொடுத்தாள்.

இப்போது டோஹாவுக்குத் திரும்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அங்கே மாலையாகும்போது இங்கே எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம். டிலானி தொலைபேசியை வலை கட்டிய மூங்கிலில் கயிற்றால் கட்டி வைக்கிறாள், அப்பாவும் களத்தில் இருக்க வேண்டும் என்று. அந்த இடத்திலிருந்து எனக்குப் பாதிக் களம்தான் தெரியும். அவள் நிற்கும் பக்கம் தெரியும், எதிரில் ஆடுகிறவரைத் தெரியாது. சென்ற வாரம் அவள் எம்பி ஓங்கி அடித்தாள். பந்து திரையின் ஓரத்தைத் தாண்டிப் போய் மறைந்தது. எங்கே விழுந்ததோ, ஒரே கூச்சலும் சிரிப்பும் கேட்டது. சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்தபடி நானும் இங்கே சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்த பீட்டர், பொயின்ட் யாருக்கு என்று கேட்டார்.

தெரியவில்லை என்றேன். தெரியாமலேயே இன்னும் சிரித்துக்கொண்டிருந்தேன்.