எஞ்சின் லைட் எரிந்தால் தேடும் ஆள்

கனடாவில் நான் வேலை செய்யும் கராஜுக்கு வாகனம் வரும், ஆள் என் கண்ணில் படமாட்டார். சாவியும் ஒரு தாளும் மட்டும் முன்னறையிலிருந்து என்னிடம் வந்து சேரும். எஞ்சின் லைட் எரிகிறது என்று தாளில் இருக்கும். ஸ்கேனரைப் பொருத்தினால் கோளாறின் எண் திரையில் விழும். எந்த வயரில் மின்சாரம் குறைகிறது என்பதுவரை அது சொல்லும்; ஏன் குறைகிறது என்று சொல்லாது. அதை வண்டிக்காரரிடம்தான் கேட்க வேண்டும். ஒருநாள் மேலாளரிடம் போய், இந்தக் காரின் சொந்தக்காரரோடு கொஞ்சத் தூரம் போய் வரட்டுமா என்று கேட்டேன். பாவம் அந்த மனுஷன், எனக்கு வீட்டுக்குப் போக வாகனம் இல்லை என்று நினைத்து, பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று விளக்கினார்.

இலங்கையில், கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையில் நானும் அக்குறணை ரிஸ்வானும் சேர்ந்து கராஜ் நடத்தியபோது, வண்டிக்காரரை ஓட்டச் சொல்லி, ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் ஏறி உட்காருவதுதான் வழக்கம். லைட் எரியும்வரை மலையேறுவோம். அதற்குள் அவர் வீட்டுக் கதை முழுவதும் வந்துவிடும். இப்போது அந்தக் கதைகளெல்லாம் ரிஸ்வானுக்குத்தான். அவன்மேல் எனக்குப் பொறாமை. வேறு மரியாதையான பெயர் வைத்து இதை மறைக்க எனக்குத் தெரியாது.

கடைசியாக ஊருக்குப் போனது அவனிடம் ஒன்றைக் கேட்கத்தான்: மறுபடியும் கராஜில் சேர்ந்துகொள்ளலாமா? சரியென்றால் குடும்பத்தோடு திரும்பிவிடுவது என்று மனைவியும் நானும் பேசி வைத்திருந்தோம். நான் போன நேரம் அவன் சாமான் வாங்கக் கண்டிக்குப் போயிருந்தான். மடுல்கெல்லயிலிருந்து ஸ்டெல்லா டீச்சர் தன் வேனோடு வந்து நின்றார். ஏற்றத்தில் லைட் எரிந்து வண்டி இழுக்க மறுக்கிறதாம், இறக்கத்தில் ஒன்றுமில்லையாம். விடுவேனா? பக்கத்தில் ஏறிக்கொண்டேன். வத்தேகமை தாண்டிய வளைவில் லைட் எரிந்தது. எவ்வளவு மிதிக்கிறோம் என்பதை எஞ்சினுக்குச் சொல்லும் த்ரொட்டில் சென்சரின் வோல்டேஜ் திரையில் சட்டென்று இறங்கியது. நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடியே கிளச்சை மெல்ல விடச் சொல்லிவிட்டு, பானட்டைத் தூக்கி எட்டிப் பார்த்தேன். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் தேய்ந்திருந்தது. இழுவையில் எஞ்சின் சாய, சென்சருக்குப் போகும் வயரும் சேர்ந்து இழுபட்டது. கராஜுக்குத் திரும்பி ரப்பரை மாற்றி, வயரைத் தளர்த்திக் கட்டினேன். கனடாவில் ஒருநாளும் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

ரிஸ்வான் வந்து சேர்ந்தும் டீச்சர் வேனில் ஏறவில்லை. சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வெளிநாட்டு சார் நல்லாத்தான் பாத்தாருங்க. இருந்தாலும் ரிஸ்வான் நானா ஒருக்கா பாத்துட்டா நிம்மதியா போவேன்."

நான் பார்த்ததே போதும், தான் மறுபடி பார்க்கத் தேவையில்லை என்று ரிஸ்வான் எவ்வளவோ சொன்னான். டீச்சர் அசையவில்லை. கடைசியில் அவன் பானட்டைத் தூக்கி, நான் கட்டிய வயரை விரலால் தொட்டுவிட்டு மூடினான். டீச்சர் முகம் மலர்ந்து அவனுக்கு நன்றி சொன்னார். வயிறு எரிந்தது எனக்கு.

அந்த எரிச்சலோடேதான் கேட்க வந்ததைக் கேட்டேன். அவன் கையைத் துடைத்தபடி யோசித்தான்.

"உன்ட எடம் அப்பிடியே ஈக்கி மச்சான். ஆனா ஒன்னத் தேடி ஆள் வர, நீ மொதல்ல இருந்து தொடங்கணும். ஏலுமா?"

அவன் சொன்னதில் பொய்யில்லை. அதனால்தான் இன்னும் கோபம் வந்தது. சொந்த ஊரில் புது ஆளாக நிற்க ரோஷம் விடவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று விமானம் ஏறிவிட்டேன்.

போன வாரம் காலை, வேலை தொடங்கும் நேரம், டீச்சரின் குரல் கைபேசியில் வந்திருந்தது. மலையேறிய அன்று என் எண்ணை வாங்கியிருந்தார். அதைக் கராஜின் எண் என்றே வைத்திருக்கிறார் போல. இப்போது வேறொரு லைட் எரிகிறதாம். நாளைக்கு ரிஸ்வான் நானா இருப்பாரா என்று கேட்டார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பதில் போடாமல் விட்டுவிடத்தான் நினைத்தேன். ஆனாலும் ரிஸ்வானுக்கு எடுத்து விசாரித்தேன். பிறகு, பனி அப்பிய ஜன்னலோரம், முகம் தெரியாத யாரோ ஒருவரின் கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு டீச்சருக்குப் பதில் பேசினேன்.

"இருப்பாரு டீச்சர். காலையிலேயே வாங்க, நாங்க தொறந்து வச்சிருப்போம்."