பாரி வீட்டு ஈரம்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, எதையாவது படித்துவிட்டால் அதை எங்கேயாவது பொருத்திப் பார்க்கும்வரை எனக்கு இருப்புக் கொள்ளாது. மதுரையில் பி.ஏ. இரண்டாம் வருஷம் படித்தபோது சரித்திர ஆசிரியர் ஒரு புத்தகத்தை இரவல் தந்தார். பிரெஞ்சுக்காரர் ஒருவர் எழுதியதன் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு. ஜனங்கள் கூடி ஒரு சாமியைக் கும்பிடும்போது தாங்கள் கூடியிருக்கும் பலத்தைத்தான் கும்பிடுகிறார்கள் என்பது அவர் கட்சி. ஒரு பொருள் புனிதமாவது அதன் குணத்தால் அல்ல, அதைத் தொடக்கூடாது என்று எல்லாரும் சேர்ந்து ஒதுக்கி வைப்பதால்தான் என்றும் வாதாடியிருந்தார். அவர் பேசியது எங்கோ ஆஸ்திரேலியாக் காட்டில் இருக்கிறவர்களைப் பற்றி. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படிக்கப் படிக்க, எனக்கு எங்கள் ஊர்ப் பாரி வீடுதான் கண்ணுக்குள் வந்து நின்றது.

ஆசிரியருக்கு இன்னொரு எண்ணமும் இருந்தது. பஸ்ஸும் மில்லும் சினிமாக் கொட்டகையும் வந்துவிட்ட தேசத்தில் இதெல்லாம் ஒரு தலைமுறைக்குள் கரைந்துபோகும் என்பார். "ஊருக்குப் போகிறாயே, பார்த்து எழுதிக்கொண்டு வா" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன்.

யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல், பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடிய பஸ்ஸில் தேனியிலிருந்து புறப்பட்டோம். கூட வந்தவன் என் அறைத்தோழன். ராயப்பன்பட்டிக்காரன், பாட்டன் காலத்துக்கு முன்னாலேயே வேதத்தில், அதாவது கிறிஸ்தவத்தில், சேர்ந்த குடும்பம். வழியெல்லாம் என்னைச் சீண்டிக்கொண்டே வந்தான்.

"ஏன்டா, சாமியும் ஊரும் ஒண்ணுங்கிறாரு உன் பிரெஞ்சுக்காரரு. அப்ப ஊருக்கு வயித்துவலி வந்தா சாமிக்குக் கஷாயம் குடுப்பீகளா?"

"நீ உங்க கோயில் சப்பரத்த இழுக்கையில என்னடா நெனைப்ப?"

"கயிறு கையை அறுக்குதேன்னு நெனைப்பேன்."

சின்னமனூர் தாண்டியபின் அவனே சொன்னான்: "ஆனா கயித்த விட்டுட்டுத் தள்ளி நின்னோம்னு வையி, என்னமோ மாதிரி இருக்கும்." அதை நோட்டில் முதல் வரியாக எழுதிக்கொண்டேன். நான் இறங்கவேண்டிய ஊர் அவன் ஊருக்கு முன்னால். "கஷாயத்த மறந்துராத" என்று ஜன்னல் வழியாகக் கத்தினான்.

எங்கள் ஊரில் அம்மனுக்குச் சாமி சாட்டி, திருவிழா நாள் குறித்ததும், வீட்டுக்கு வீடு தட்டாம்பயறும் மொச்சையும் பாசிப்பயறும் வாங்கி ஒன்றாகக் கலந்துவிடுவார்கள். நேர்த்திக்கடன் உள்ள ஒவ்வொரு குடும்பத்தின் பேருக்கும் ஒரு சட்டி. அதில் எருவும் வைக்கோலும் போட்டு, கலந்த பயறை விதைத்து, கோயிலுக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறைக்குள் வைப்பார்கள். அதுதான் முளைப்பாரி வளரும் பாரி வீடு. அதற்குள் போகவும் தண்ணீர் ஊற்றவும் ஒரே ஒரு பெண்ணுக்குத்தான் உரிமை. அவள் ஒருவேளைச் சோறு உண்டு விரதம் இருக்கவேண்டும். சாயங்காலம் ஊர்ப் பெண்கள் எல்லாம் வெளியே நின்று கும்மியடிப்பார்கள். ஒன்பதாம் நாள் முளைகளைத் தலையில் தூக்கிப் போய் ஆற்றில் விடுவார்கள். முளை எப்படி வந்திருக்கிறதோ அப்படித்தான் ஊருக்கும் என்று நம்பிக்கை.

அந்த வருஷம் பாரி காக்க அமர்ந்தது என் மதினி, அண்ணன் மனைவி. கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாதவளிடம் பாரியைக் கொடுப்பதா என்று சிலர் முனகினார்கள். பெரியதனக்காரர் மனைவி ஒரே போடாகப் போட்டாள். ஊருக்குத் தலைவர் பெரியதனக்காரர். அவரை அதட்டக்கூடியவள் அந்த ஆத்தா. "அவ வச்ச அவரைப் பந்தலைப் பாத்தீகளா? பச்சைக் கைடி அது. பேசாமக் குடுங்க" என்றாள்.

எங்கள் அம்மா வீட்டுக்குள் வேறு கணக்குப் போட்டிருந்தாள். நான் வந்த அன்றே சொன்னாள்: "பெரியகுளத்துல ஒரு பொண்ணு இருக்கு. உங்க அண்ணனுக்குக் கேட்டு வச்சிருக்கேன். பாரி தழைஞ்சு வந்தா நான் வாயத் தொறக்கல. சொணங்கிப்போச்சுன்னா, அந்த அம்மனே சொல்லிட்டான்னு அர்த்தம். அடுத்த முகூர்த்தத்துல முடிச்சிருவேன்." மதினி அடுப்படியில்தான் இருந்தாள். காதில் விழவேண்டும் என்றுதான் அம்மா அவ்வளவு சத்தமாகச் சொன்னாள்.

இது தெரிந்தும் நான் நோட்டும் கையுமாக மதினியிடம் போய் நின்றேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"மதினி, இந்தப் பயறு எப்பச் சாமியாகுது?"

"என்னத்தக் கேக்குறீக கொழுந்தனாரே?"

"நம்ம வீட்டுப் பானையில இருக்கையில வெறும் பயறு. சட்டியில மொளைச்சாச் சாமி. நடுவுல எங்கன மாறுது?"

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே யோசித்தாள். "கதவைச் சாத்துறோம்ல, அப்பத்தான்" என்றாள்.

புத்தகத்தில் முப்பது பக்கத்துக்கு ஓடிய விஷயம்.  அப்படியே எழுதிக்கொண்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். அதே பயறில் ஒரு பிடியை எடுத்து, மாட்டுக் கொட்டத்துக்குப் பக்கத்தில் வெயில் படும் ஓட்டைச் சட்டி ஒன்றில் நானும் விதைத்திருந்தேன். அது குட்டையாக, பச்சையாக வந்தது. உள்ளே இருப்பது எப்படி வந்திருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்ற அரிப்பு. நாலாம் நாள் மத்தியானம், மதினி வாய்க்காலுக்குக் குளிக்கப் போயிருந்த நேரம், பாரி வீட்டுக் கதவில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து உள்ளே போனேன்.

எருவும் நனைந்த வைக்கோலும் சேர்ந்த வாசம். கண் பழகியதும் வெளிறிய மஞ்சளாய் முளைகள் தெரிந்தன, எல்லாம் ஒரே உயரத்தில். இருட்டில் வளரும் செடி வெளிச்சம் தேடி நீளும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் உடம்பெல்லாம் புல்லரித்தது. என்னை அறியாமல் கைகூப்பிவிட்டேன். அதையும் நோட்டில் எழுதினேன். பிறகு கையை விரித்துச் சாணால் உயரம் அளந்தேன். காலடியில் தரை நசநசவென்று இருந்தது. "தரை ஈரம்" என்றும் எழுதிவிட்டு வெளியே வந்து கயிற்றைக் கட்டினேன்.

ஆறாம் நாள் காலையில் பாதிச் சட்டிகள் சாய்ந்துவிட்டன. வேர் அழுகி, தண்டில் வெள்ளைப் பூஞ்சை. மதினி கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டாள். போகிறவர்கள் வருகிறவர்கள் பார்த்துத்தான் ஊர் அறிந்தது.

ஒரு நாழிகையில் மந்தைத் திடலில் ஊர் கூடிவிட்டது. விரதத்தில் பிழை என்று பேச்சு. பூக் கேட்டுவிடுவது என்று பெரியதனக்காரர் முடிவு செய்தார். இலையில் சிவப்பு அரளியை ஒரு பொட்டலமாகவும், வெள்ளை அரளியை ஒரு பொட்டலமாகவும் மடித்துச் சாமி முன்னால் போடுவார்கள். ஒரு சின்னப் பெண் ஒன்றை எடுப்பாள். பாரி காத்தவள் மேல் குற்றம் உண்டா? சிவப்பு வந்தால் உண்டு.

 புத்தகத்தில் இருப்பது அப்படியே நடக்கிறது: ஊர் ஒன்றாக இருக்கவேண்டும் என்றால் விரிசலுக்குக் காரணமென்று யாரையாவது காட்டியாகவேண்டும். அந்த ஆள் எங்கள் வீட்டில் இருக்கிறாள். அம்மாவோ முகத்தை இறுக்கிக்கொண்டு நிற்கிறாள். வேர் அழுகியது நான் உள்ளே போனதால் அல்ல என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் அதனால்தான் அழுகியது என்று சொன்னால் இந்த ஊர் நம்பும். எனக்குப் பொய், ஊருக்கு மெய். இதை நோட்டில் எந்தப் பக்கத்தில் சேர்ப்பது என்று அந்த நேரத்திலும் யோசித்தேன். பிறகு எழுந்தேன்.

"பூக் கேக்க வேணாம். நான் உள்ள போனேன். தெய்வக் குத்தம் என்னால வந்தது."

கூட்டம் கொதித்தது. "படிச்ச புள்ள பண்ற காரியமாடா இது?" என்றார் பெரியதனக்காரர்.

"செருப்புப் போட்டுக்கிட்டா போன?" என்று யாரோ.

அதற்குள் அம்மா குரல் எழும்பியது. "ஏலே, நீ போனது இருக்கட்டும். நீ உள்ள போறப்ப இவ எங்கன போனா? கதவக் காக்கத்தானே இவள ஒக்கார வச்சது?"

நான் இதை நினைக்கவே இல்லை. என் தலையில் ஏற்றிக்கொண்ட பழி, அங்கே தங்காமல் நேராக மதினியிடம் போய் இறங்கியது. அவள் என்னை ஒரே ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வைக்கு மரியாதைப் பன்மை கிடையாது.

பெரியதனத்து ஆத்தா வெற்றிலையைத் துப்பிவிட்டு முன்னால் வந்தாள். "நீ எந்த நாளுப்பா போன?"

"நாலாம் நாள் மத்தியானம்."

"தண்ணி ஊத்துனியா?"

"இல்ல ஆத்தா. அளந்து பாத்தேன்."

"என்னத்தால?"

"சாணால."

பின்னால் பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஆத்தா சிரிக்கவில்லை. "அப்ப வேரு அழுகுன அந்த ஈரம் ஒன்னோடது இல்ல" என்றாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "என்னோடது" என்றாள்.

பெரியதனக்காரர் திகைத்துப்போனார். "ஏய், என்ன பேசுற?"

"உங்க காதுல விழலையா? நானும் போனேங்கிறேன். பேத்திக்குக் காச்சல் விடல. நம்ம சட்டிக்கு மட்டும் ஒரு செம்பு கூடுதலா ஊத்துறேன் தாயின்னு வேண்டிக்கிட்டு ஊத்துனேன். இவ குளிக்கப் போற நேரம் எனக்குத் தெரியும்."

 பிறகு கும்மிக்குப் பாட்டெடுத்துக் கொடுக்கும் அக்கா மெல்லச் சொன்னாள்: "நான் ஒரே ஒரு கைதான் ஊத்துனேன்."

"ஒரு கையா? நான் போறப்ப ஒன் சட்டி கொளமா நின்னுச்சேடி!" என்றாள் இன்னொருத்தி.

"அப்ப நீயும் போயிருக்க!"

அதற்கப்புறம் யாரை யார் தடுப்பது? மருமகனுக்கு மில்லில் வேலை கிடைக்க ஒருத்தி, பட்டாளத்துக்குப் போன மகனுக்காக ஒருத்தி, கறவை வற்றிய மாட்டுக்காக ஒருத்தி. பத்துப் பேருக்குக் குறையாது. ஆண்கள் ஆளுக்கொரு திசையைப் பார்த்தார்கள். ஆத்தா எங்கள் அம்மாவைப் பார்த்தாள்.

"நீ போகலையாக்கும்?"

அம்மா தரையைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "ரெண்டு தரம் போனேன். இந்தச் சிறுக்கி வயித்துல ஒண்ணு தங்கட்டும்னுதான். வேற எதுக்கு?"

மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுதாளா, சிரித்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பெரியதனக்காரர் தொண்டையைக் கனைத்தார். பூ ஏற்கெனவே மடித்துக் கிடக்கிறது, சும்மா விடக்கூடாது. "மறுபடி பாரி போட்டு, அடுத்த செவ்வாய் விட்டு மறு செவ்வாய் சாமி கும்பிடலாமா? வெள்ளை வந்தாக் கும்பிடலாம்" என்று கேள்வியை மாற்றினார். வெள்ளைதான் வந்தது. பிற்பாடு அவரிடம் கேட்டேன், சிவப்பு வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று. "வேற மாதிரி கேட்டிருப்போம்" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொன்ன மாதிரி எனக்குத் தோன்றவில்லை.

அன்று மத்தியானம் முழுவதும் புத்தகத்தைப் புரட்டினேன். விதியை எல்லாரும் காப்பதால் புனிதம் நிற்கிறது என்று இருந்தது. எங்கள் ஊரில் எல்லாரும் அதை மீறியிருந்தார்கள். நம்பிக்கை இல்லாமல் மீறவில்லை, நம்பிக்கை அதிகமாகி மீறியிருந்தார்கள். மில் வேலை கேட்டுக்கூட அந்தத் தண்ணீரைத்தான் ஊற்றியிருந்தார்கள். என் ஆசிரியர் சொன்ன கரைதல் இதில் எங்கே இருக்கிறது? பிரெஞ்சுக்காரர் தப்பு என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அவர் எங்கள் ஊருக்கு வந்திருந்தால் இன்னும் இரண்டு அத்தியாயம் எழுதியிருப்பார் என்றுதான் பட்டது.

சாயங்காலம் மதினி புதுச் சட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"உங்களுக்கு முன்னாலயே தெரியுமா மதினி?"

"தெரியாம? ஊத்துற கைக்குத் தெரியாதா, எது நம்ம ஊத்துன தண்ணி, எது வேத்துத் தண்ணின்னு."

"அப்ப மந்தையில ஏன் சொல்லல? பூ சிவப்பா வந்திருந்தா?"

"வந்திருந்தா வந்திருக்கும். பேரச் சொல்லி மாட்டிவிட்டுட்டு, அப்புறம் நான் யாரு கூடக் கும்மியடிக்கிறது?" சட்டியைக் கவிழ்த்தாள். "நீங்க எந்திரிச்சு நின்னது நல்ல மனசுதான். ஆனா கொஞ்சம் பொறுத்து நின்னிருக்கலாம் கொழுந்தனாரே. அந்தாத்தா வாயத் தொறக்க வெத்தலையத் துப்பப் போறாகன்னு நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

எனக்கு ஊர் விதித்த தண்டனை, வீடுவீடாகப் போய் மறுபடி பயறு வாங்கி வருவது. மறுநாள் கூடையோடு கிளம்பினேன். "அளந்து போடவா, சாணால?" என்று வாசலுக்கு வாசல் கேலி. எல்லாரும் கை நிறையப் போட்டார்கள். கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்தேன். அம்மா இரண்டு பிடி மொச்சை போட்டாள். மூன்றாவது பிடியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

"பெரியகுளத்துக்காரகளுக்கு ஒரு காயிதம் எழுதுப்பா. வர வேணாம்னு."

"என்ன காரணம்மா எழுதட்டும்?"

"காரணம் என்னத்துக்கு? வேணாம்னு எழுது, போதும்."

கூடையை இறக்கி வைத்துவிட்டு, நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, அம்மா பார்த்துக்கொண்டிருக்க எழுதினேன். என்ன எழுதியிருக்கிறது என்று இரண்டு தரம் படித்துக் காட்டச் சொன்னாள். பிறகு அந்த மூன்றாவது பிடியையும் கூடையில் போட்டாள்.