லைன் கட் ஆகும் நேரம்

என் வீட்டுக்காரர் எதையும் ஒரே தடவையில் நம்பியதாகச் சரித்திரமே கிடையாது. எனக்குக் காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டரை இரண்டு தடவை வைப்பார். முதல் தடவை எனக்காக. அடுத்தது தெர்மாமீட்டர் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க. வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டு, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். ஆபீசில் அவருக்கு 'சந்தேகம் சார்' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனால் சொல்கிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம் உண்டு.

இப்படிப்பட்ட மனிதருக்குப் பார்த்துப் பார்த்து ஒரு வேலை கொடுத்தார்கள், அவர்கள் நன்றாக இருக்கட்டும். அலைக்கற்றைக் கண்காணிப்பு ஆபீஸ். ரேடியோ, போலீஸ் வயர்லெஸ், செல்போன் என்று காற்றில் போகிற ஒவ்வொன்றுக்கும் இன்ன இடம் என்று அளந்து கொடுத்திருக்கிறார்களாம். யார் வேலி தாண்டுகிறார்கள் என்று பார்ப்பது இவர் பாடு. கூரையில் தட்டு ஆண்டெனா வைத்த ஒரு வெள்ளை வேன், உள்ளே ஒரு திரை, திரையில் ஒரு பச்சைக் கோடு. அலை வருகிற இடத்தில் கோடு மேடு தட்டும். மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க ஒருநாள் நானே அங்கே போனேன். வேனுக்குள் ஏ.சி. குளிர் நடுக்கியது, இவர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கோட்டை முறைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "உன்னை யாரு உள்ள விட்டது?" என்றார். கட்டின பெண்டாட்டியை!

அந்தச் சமயத்தில்தான் இரண்டு சாட்டிலைட் போன் கம்பெனிகளின் சண்டை இவர் தலையில் வந்து விழுந்தது. டவர் எட்டாத கடலிலும் மலையிலும் பேசுகிற போன் அது. ஒன்று பழைய கம்பெனி, இன்னொன்று புதிது. நான் அவற்றுக்கு மூத்த தாரம், இளைய தாரம் என்று பெயர் வைத்தேன். இரண்டு பேருக்கும் அடுத்தடுத்து இடம். நடுவில் பொதுவாக ஒரு சின்னத் துண்டு. மூத்தவளின் அலை துண்டையும் தாண்டித் தன் பக்கம் வழிகிறது, கடலில் இருக்கிற தன் வாடிக்கையாளர்களின் பேச்சு பாதியில் அறுந்துபோகிறது, அதனால் அந்தத் துண்டைத் தனக்கே கொடுத்துவிட வேண்டும் என்று இளையவள் புகார். வழியவும் இல்லை, ஒழுகவும் இல்லை, துண்டைப் பிடுங்க நாடகம் ஆடுகிறாள் என்று மூத்தவள் பதில். உண்மையில் வழிகிறதா என்று அளந்து இவர் அறிக்கை கொடுக்க வேண்டும்.

"ரெண்டு பேருமே புளுகுறாங்க. யாரு எவ்வளவுன்னுதான் அளக்கணும்" என்றார் இவர். மூத்த கம்பெனி மேனேஜர் ஆபீஸ் வாசலில் பார்த்து, "உடம்பு எப்படி இருக்கு சார்?" என்று கேட்டாராம். அன்றைக்குப் பூராவும் அதே புலம்பல். "என் உடம்புமேல அவனுக்கு என்ன அக்கறை?"

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். வீட்டுக்குள் நடந்ததுதான் சிரிக்க முடியாதது.

எங்களுக்கு ஒரே மகள். கல்யாணமாகி இரண்டாவது வருஷம். மாப்பிள்ளைக்குச் சரக்குக் கப்பலில் இன்ஜின் மெக்கானிக் வேலை. அவர் கடலில் இருக்கிற மாதங்களில் மகள் எங்களோடு இருப்பாள். மாலையில் வேலை முடிந்ததும் கப்பலிலிருந்து கூப்பிடுவார். அந்த இளைய தாரத்தின் போன்தான். மகள் எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போவாள். நாலு வார்த்தைகூட ஆகியிருக்காது, வெளியே வந்துவிடுவாள். "சிக்னல் சரியில்லம்மா" என்பாள். முகம் வாடிக் கிடக்கும்.

இவருக்கு மூக்கு வேர்த்துவிட்டது. முதலில் 'மாப்பிள்ளை' என்று வாய் நிறையச் சொல்லிக்கொண்டிருந்தவர், 'அவர்' என்று ஆரம்பித்தார். அந்த மாதம் முடிவதற்குள் 'அவன்' ஆகிவிட்டது.

"தினம் தினம் கட் ஆகுமா? யாரு காதுல பூ சுத்துறான்? ஏதோ ஒரு துறைமுகத்துல இன்னொரு குடித்தனம் வச்சிருக்கான்."

"உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?"

"நல்ல வார்த்தையைக் கேட்டுட்டே இரு. நான் வக்கீல்கிட்ட பேசிட்டேன். இந்த அறிக்கை முடியட்டும். சாயங்காலம் அலை வழியுதுன்னா அவன் பிழைச்சான். வழியலைன்னா நம்ம பொண்ணு அந்த வீட்டுக்குப் போக வேண்டாம்."

ஊர் உலகத்தில் ஒரு பெண்ணின் வாழ்க்கை இப்படிப் பச்சைக் கோட்டில் தொங்குமா? அந்தப் பாழாய்ப்போன அலை நன்றாக வழியட்டும் என்று வேண்டிக்கொண்டவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஒன்று சொல்ல வேண்டும், மனிதர் நேர்மை. மாப்பிள்ளை அந்தக் கம்பெனி போனில்தான் பேசுகிறார் என்று ஆபீஸ் இயக்குநரிடம் தானே போய்ச் சொல்லிவிட்டார். இயக்குநர் அளவு எடுப்பதில் ஒரு பெண் இன்ஜினியரையும் சேர்த்துவிட்டார். துறைமுகத்துப் பக்கம் வேனை நிறுத்தி, விடியற்காலையிலிருந்து மதியம் வரை இவர், மாலையில் அந்தப் பெண்.

"என்னை வேவு பார்க்க ஆள் போட்டிருக்காங்க" என்று வந்து குதித்தார்.

"ஏன், வேவு பார்க்கிற உரிமை உங்களுக்கு மட்டும்தானா?" என்றேன்.

மாப்பிள்ளை கப்பல் ஏறின நாளிலிருந்தே மாலையில் வீட்டில் இவர் சும்மா இருந்தாரா? தண்ணீர் மோட்டார் ஸ்விட்ச் மகள் அறைக் கதவை ஒட்டி இருக்கிறது. அவளுக்குப் போன் வந்ததும் மோட்டார் போடக் கிளம்புவார். மேலே தொட்டி நிரம்பி, படி வழியாகத் தண்ணீர் கொட்டி, கீழ்வீட்டு அம்மா கத்துவாள். இவர் அங்கேயே நிற்பார். மகள் ஒருநாள் போனோடு மொட்டைமாடிக்குப் போனாள். தொட்டியைப் பார்க்கிறேன் என்று பின்னாலேயே ஏறிவிட்டார். அப்பனுக்கு மகள்மேல் அவ்வளவு கவலை என்று நானும் விட்டுவிட்டேன்.

அளந்து முடித்தார்கள். அந்தப் பெண் எடுத்த மாலைக் கணக்கை நம்பாமல், பதிவை எல்லாம் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். இளையவள் சொன்னது பாதி நிஜம். மூத்த கம்பெனி விடியற்காலையில் கப்பல்களுக்கு மொத்தமாகத் தகவல் அனுப்புகிறது. அப்போது வழியத்தான் செய்கிறது. மாலையில் ஒரு பொட்டு வழிசல் இல்லை. விடியற்காலை அலையின் பலத்தைக் குறைக்க வேண்டும், பொதுத் துண்டு பொதுவாகவே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தார். விசாரணையில் இயக்குநரும் அதையே உத்தரவாகப் போட்டார். இரண்டு தாரமும் இவரைச் சபித்துக்கொண்டு போனார்கள்.

வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. மகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"சாயங்காலம் காத்து சுத்தமா இருக்கும்மா. எந்த அலையும் குறுக்க வரல. உன் புருஷன்தான் வேணும்னே கட் பண்றான். அப்பா சொல்றதைக் கேளு, அவன் நமக்கு வேண்டாம்."

மகள் தட்டிலிருந்து நிமிர்ந்து அவரையே பார்த்தாள்.

"அவர் கட் பண்ணலப்பா. நான்தான் கட் பண்றேன்."

இவர் திருதிருவென்று விழித்தார்.

"கதவுக்குக் கீழ உங்க ரெண்டு காலும் தெரியுது. தினமும் தெரியுது. நான் எப்படிப்பா அவர்கிட்ட பேசுவேன்? ஏன் நிக்கிறீங்கன்னு கேட்டா, எதை மறைக்கிறேன்னு கேப்பீங்க. அதான் சிக்னல் இல்லைன்னு வச்சுடுவேன்." அதற்குமேல் அவளால் அழுகையை அடக்க முடியவில்லை. "அவருக்கு லைன் நல்லா கேக்குதாம். நான்தான் பேசப் பிடிக்காம வைக்கிறேனாம். எனக்கு வேற யாரோ இருக்காங்கன்னு நினைக்கிறார். முந்தாநாள் கேட்டே கேட்டுட்டார். அதுக்கப்புறம் போனே வரல."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "தெரிஞ்சுக்கிட்டீங்களா? தொட்டி நிரம்பிடுச்சா இப்போ?" என்று கத்திவிட்டேன். அவர் வேட்டி மாற்றி, முகம் கழுவி, நாற்காலியில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மோட்டார், தொட்டி என்று என்னையே ஏமாற்றி வந்த மனிதர்தான், ஆனாலும் அந்த முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

மறுநாள் மாலை, மாப்பிள்ளை வழக்கமாகக் கூப்பிடுகிற அதே நேரத்தில், இவரே கப்பல் நம்பரைப் போட்டார். நான் பக்கத்தில் நின்றேன். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன், போட்டார்.

"சொல்லுங்க மாமா." அப்படி ஒரு தெளிவு. பின்னால் இன்ஜின் ஓடுகிற சத்தம்கூடக் கேட்டது.

"மாப்பிள்ளை..." பல நாள் கழித்து அந்த வார்த்தை அவர் வாயில் வந்தது. "பொண்ணுமேல ஒரு தப்பும் இல்ல மாப்பிள்ளை. அவ பேசும்போது நான்தான் கதவுகிட்ட நின்னு ஒட்டுக் கேட்டேன். அதனாலதான் அவ வச்சுட்டா. உங்களைத்தான் நான் சந்தேகப்பட்டேன்."

அந்தப் பக்கம் இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டார்.

"இப்படிச் சொல்லச் சொல்லி அவ உங்களுக்குச் சொல்லிக் குடுத்தாளா மாமா?"

"ஐயையோ, இல்ல மாப்பிள்ளை..."

போன் நின்றுவிட்டது.

இவர் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். மோட்டார் ஸ்விட்ச் பக்கத்தில் மகள் நின்றிருந்ததை அப்போதுதான் இருவரும் பார்த்தோம். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. இவர் அவளைப் பார்த்தார், போனைப் பார்த்தார். அந்த நேரத்தில் காற்றில் ஒரு குறையும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மனிதர்.

"லைன் சரியில்ல போலம்மா" என்றார்.

மகள் கிட்டே வந்து, "மறுபடி போடுங்கப்பா" என்றாள். அவர் மறுபடியும் நம்பரை அழுத்த ஆரம்பித்தார்.