ஆம்ப்ளிஃபயருக்கு வைத்த பொட்டு

ஆம்ப்ளிஃபயருக்கு யாராவது ஸ்டிக்கர் பொட்டு வைப்பார்களா? போன வாரம் நான் வைத்தேன். ஆயுத பூஜைக்காக இல்லை... ஆளைப் பிடிக்க.

எங்கள் டவுன்ஷிப் பிளாக்கின் பொங்கல் விழாவில் நாலு பேர் சேர்ந்து வாசிக்கிறோம். எலெக்ட்ரிக் கிட்டார் நான். டிஸ்டார்ஷன் போட்டால் கரகரவென்று கனமாக வரவேண்டும். அதற்குள்ளேயே ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் காதில் விழவேண்டும். குவார்ட்டர்ஸ் வீட்டில் வாசிக்கும்போது அப்படித்தான் வருகிறது. அதே ஆம்பை ஸ்கூட்டரில் வைத்து கம்யூனிட்டி ஹாலுக்குக் கொண்டுபோனால் — ஒரே கொழகொழ.

“இப்படியே இருந்தா உன் சோலோவ கீபோர்டுக்குக் குடுத்துடலாம்ப்பா” என்று டிரம்மர் சொல்லிவிட்டார். இரண்டு மாதமாகப் பழகிய சோலோ. விடுவேனா?

யாரோ ஆம்பைத் திருகி வைத்திருக்க வேண்டும். யார் வேலை இது? எல்லோரும் டீ குடிக்கப் போனபோது ஹாலில் தனியாக இருந்தவன் முரளி. பேஸ் கிட்டார் வாசிப்பவன். என்னோடு ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவன். நல்லவன்தான். ஆனால் என் இடத்தில் நின்று லீட் வாசிக்க அவனுக்கும் ஆசை உண்டே?

வீட்டுக்கு வந்ததும் மனைவியின் பொட்டு அட்டையை எடுத்தேன். ஆம்பின் ஒவ்வொரு திருகு குமிழிலும் ஒரு பொட்டு, அதற்கு நேராகப் பெட்டியில் ஒரு பொட்டு. யாராவது திருகினால் விலகிவிடும். அகப்பட்டுக்கொள்வான்.

அடுத்த ரிகர்சலிலும் கொழகொழ. ஓடிப்போய்ப் பார்த்தேன். பொட்டு இம்மியும் நகரவில்லை. சந்தேகம் தீர்ந்ததா? ம்ஹும்... திருகிவிட்டுத் திரும்பச் சரியாக வைத்திருப்பான் என்று தோன்றியது. எல்லோர் முன்னாலும் கேட்டேவிட்டேன்.

“முரளி, உண்மையச் சொல்லு. ஆம்புல கை வச்சியா?”

“நான் ஏன்டா வைக்கப்போறேன்?”

கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு தனபாலைப் பார்த்தேன். மைன்ஸில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர். அவருக்காகத்தான் வால்யூமை முணுமுணுப்பு அளவில் வைத்து வாசிக்கிறேன். தொந்தரவாக இருக்கிறதா என்று கேட்டேன்.

“படுத்துக்கினு இருந்தா பாட்டே கேக்கலைங்க. செவுத்துல தொம்மு தொம்முன்னு மட்டும் வருது.”

இவருக்கு என் மேல் என்ன கோபம் என்றுதான் முதலில் யோசித்தேன். பிறகுதான் உறைத்தது. அந்தத் தொம்முதான் பேஸ், அடித்தொனி. சத்தம் குறைவாக இருந்தால் அது காதுக்கு எட்டாது. கனம் போதவில்லையே என்று பேஸையும், கரகரப்பைக் கூட்டும் கெயினையும் நானேதான் கடைசிவரை ஏற்றி வைத்திருந்தேன். ஹாலில் வால்யூம் ஏறியதும் அத்தனையும் வீங்கிப்போய்ச் சுரத்தை மூடிவிட்டது. பாதி ஊர் பகலில் தூங்கும் டவுன்ஷிப்பில் இந்தத் தப்பு நடக்காமல் இருக்குமா?

அடுத்த ரிகர்சலில் ஹால் வால்யூமிலேயே வைத்துத் திருகினேன். கெயின் பாதி. பேஸ் இறக்கம். நடுத்தொனிக்கான மிட் ஏற்றம். ஒவ்வொரு சுரமும் நறுக்கென்று வந்து நறுக்கென்று நின்றது. டிரம்மர் தலையாட்டினார். சோலோ எனக்கே.

முரளியும் வந்திருந்தான். கையைப் பிடித்துக்கொண்டு, “தப்பு என் மேலதான்டா, மன்னிச்சுடு” என்றேன்.

இருபது வருஷமாக என்னை ‘டேய்’ என்று கூப்பிட்டவன், “பரவாயில்லைங்க சார்” என்றான்.