பக்கத்து சீட்டு பிரேக்

டிரைவிங் ஸ்கூல்காரருக்கு ஊர் வைத்த பெயர் பிரேக் வாத்தியார். சும்மா வைக்கவில்லை. கற்றுக்கொடுக்கும் வண்டியில் வாத்தியார் உட்காரும் பக்கத்து சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் தடுமாறினால் மிதிப்பதற்கு. நம்மவருக்கு அதுவரை பொறுமை ஏது? தூரத்தில் ஒரு கோழி தலையைத் தூக்கினால் போதும், மிதித்துவிடுவார். இருபத்தாறு வருஷத்தில் அந்த வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்று மார்தட்டிக்கொள்வார்.

மூத்த மனைவியும் அந்த வண்டியில்தான் கற்றாள், லைசென்ஸும் வாங்கினாள். ஒன்பது வருஷத்துக்கு முன் ஒருநாள் தன் அண்ணனுடைய காரை ஆசைப்பட்டு எடுத்தாள். இவர் பக்கத்தில். முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. வாத்தியார் ஓங்கி மிதித்தார். வீட்டுக் காரில் பக்கத்து சீட்டில் பிரேக்குக்கு எங்கே போவது? வெறும் தரையை மிதித்தார். அவள் மிதிக்கவே இல்லை. இவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. அவள் போய்ச்சேர்ந்தாள்.

லாரிக்காரன் மேல்தான் தப்பு என்று ஊரே சொன்னது. இவர் வாயைத் திறக்கவில்லை. ஆபத்து வந்தால் பிரேக் தானாக விழும் என்றல்லவா அவளைப் பழக்கி வைத்திருந்தார், பாவி மனுஷன்! அதை யாரிடம் போய்ச் சொல்வது?

மூன்று வருஷத்துக்கு முன் மருந்துக்கடை நடத்தும் அம்மாள் ஒருத்தி வண்டி பழக வந்தாள். வந்தவள் அவருக்கே மனைவியானாள். "கியர் மாத்தக் கத்துக்க வந்தேன், விலாசத்தையே மாத்திட்டேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவளையும் ஸ்கூல் வண்டியைத் தவிர வேறெதையும் அவர் தொட விட்டதில்லை. ஏன் என்று கேட்டால், "அப்புறம் பாக்கலாம்" என்பார். அவள் வண்டியில் ஏறினாலே ஓரக்கண்ணில் மூத்தவள் தெரிவாள் என்பதை எந்த வாயால் சொல்வார்? திரும்பிப் பார்த்தால் மருந்துக்கடைக்காரிதான் இருப்பாள்.

எல்லை தாண்டி, பக்கத்து நாட்டுப் பெரிய நகரம் ஒன்றை இரண்டு நாள் சுற்றிப் பார்க்கலாம் என்று அவள் நச்சரித்தபோது, அதிசயமாகத் தலையாட்டினார். அந்த நாட்டில் சாலையின் மறுபக்கம் போக வேண்டும், ஸ்டியரிங்கும் மறுபக்கம். எல்லாம் தலைகீழ். பேய்க்கே வழி தெரியாது என்று மனசுக்குள் ஒரு நப்பாசை. எல்லையில் வாடகைக் கார் எடுத்து அவரே ஓட்டினார்.

முதல் நாள் ஆற்றுப் பாலம், கண்ணாடிச் சாமான்களுக்கென்றே ஒரு மியூசியம், கடைத்தெரு. அவள் விடாமல் படம் எடுத்தாள். "கொஞ்சம் சிரிச்சாத்தான் என்ன, வாய் சுளுக்கிக்குமா?" என்றாள். சிரித்தார். நிஜமாகவே அன்று முழுக்க மூத்தவள் கண்ணில் படவில்லை.

மறுநாள் மணிக்கூண்டு. சமர்த்தாக ஏறிவிட்டு, இறங்கும்போது கடைசிப் படியில் காலைச் சுளுக்கிக்கொண்டார். வலது கணுக்கால். செருப்புக்குள் கால் போகாத அளவுக்கு வீக்கம். ஐந்து மணிக்குள் காரை எல்லையில் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

"சாவியக் குடுங்க. நான் ஓட்டறேன்."

"வேணாம்மா. டிரைவர் யாராவது கெடைப்பாங்க."

"அப்ப லைசென்ஸ் எதுக்கு வாங்கிக் குடுத்தீங்க? சுவத்துல மாட்டி வெக்கவா?"

பக்கத்து சீட்டில் உட்கார்ந்ததும் காலுக்குக் கீழே பார்த்தார். ரப்பர் விரிப்பு மட்டும் கிடந்தது. இன்னொருத்தியையும் பறிகொடுக்கப் போகிறோம் என்றே தோன்றியது. பாலத்தை நோக்கிச் சாலை இறங்கியது. அவள் மெதுவாகத்தான் போனாள். அவருக்கு அது பறப்பது போல இருந்தது. இறக்கத்தின் பாதியில் முன்னால் போன வேன் பட்டென்று நின்றது.

வாத்தியார் வீங்கிய காலால் விரிப்பை மிதித்தார். வலியில் உயிர் போய் வந்தது. ஓரக்கண்ணில் மூத்தவள் இருந்தாள். இந்த முறை அவள் சாலையைப் பார்க்கவில்லை. இவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கார் நின்றது. வேனுக்கும் காருக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி.

"ஏங்க, வெறுந்தரையப் போட்டு எதுக்கு இப்படி மிதிக்கிறீங்க? கால் என்னத்துக்கு ஆகும்!" என்றாள் மருந்துக்கடைக்காரி. திரும்பியவள் அவர் முகத்தைப் பார்த்ததும் காரை ஓரம் கட்டினாள்.

அவர் உடைந்துபோனார். "அவளுக்கு நான் பிரேக்கு புடிக்கவே கத்துக் குடுக்கலம்மா. எல்லாத்தயும் நானே மிதிச்சேன். நான்தான் கொன்னேன். ஒனக்கும் அதத்தான் செஞ்சிருக்கேன்."

அவள் இன்ஜினை அணைத்தாள்.

"நீங்க மிதிச்சிக்கிட்டே இருந்தீங்களா, இது தேறாதுன்னு எனக்கு ரெண்டாவது வாரமே புரிஞ்சு போச்சு. கடை வேன எடுத்துத் தனியா ஓட்டிப் பழகினேன். இப்பவும் தெனம் ஓட்டறேன். சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு சொல்லல."

அவருக்கு நிம்மதிப் பெருமூச்சு வந்திருக்க வேண்டும். வந்தது அழுகை. இவள் அவரை நம்பவில்லை, பிழைத்தாள். மூத்தவள் நம்பினாள்.

கண்ணைத் துடைத்துக்கொள்ளும்வரை காத்திருந்துவிட்டு அவள் வண்டியை எடுத்தாள். பாலத்து முனையில் சிவப்பு விளக்கு. நிறுத்தினாள்.

"அக்கா கடைசியா ஏதாச்சும் சொன்னாங்களா?"

போலீஸ் கேட்டது, மச்சான் கேட்டார், பெற்றவர்கள் கேட்டார்கள். இல்லை, எதுவும் சொல்லவில்லை என்றே ஒன்பது வருஷம் ஓட்டியிருந்தார்.

"சொன்னா."

"என்னன்னு?"

"‘மிதிங்க’ன்னா."

பச்சை விழுந்தது. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். அவள் உடனே வண்டியை எடுக்கவில்லை.