என் வீட்டுச் செக்போஸ்ட்

எங்கள் தெருவில் என் மனைவிக்கு வைத்திருக்கும் பெயர் செக்போஸ்ட். அவள் காதுபட யாரும் சொல்வதில்லை, என் காதுபடத்தான் சொல்வார்கள். பால் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பித் தேதி பார்ப்பாள். வருடக்கணக்காக வரும் கேஸ் சிலிண்டர்காரரிடம் அடையாள அட்டை கேட்பாள். நான் தனியாக உட்கார்ந்து எதையோ நினைத்துச் சிரித்தால்கூட அவளுக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

என்னையே அவள் சோதித்துத்தான் கட்டிக்கொண்டாள். கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது, யாரென்று சொல்லாமல் என் தையல் கடைக்கு வந்து ஒரு பழைய சட்டையை இடுப்புப் பிடிக்கக் கொடுத்தாள். சட்டைப் பையில் ரூபாய் நோட்டு ஒன்று மடித்தபடி கிடந்தது. சட்டையோடு சேர்த்து அதையும் திருப்பிக் கொடுத்தேன். அது அவளே வைத்த நோட்டு என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நான் எடுத்து வைத்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டேன். வேறு தையல்காரரைப் பார்த்திருப்பேன் என்றாள், கூச்சமே இல்லாமல்.

இப்படிப்பட்டவளுக்குத் தம்பியாகப் பிறந்தவன், யார் என்ன சொன்னாலும் நம்புகிறவன். எங்களோடுதான் இருக்கிறான். கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்கிற பட்டறையில் வெல்டர். நல்ல வேலைக்காரன்தான், ஆனால் அதை அவனிடம் சொல்ல ஆள் கிடையாது. அந்தப் பட்டறை முதலாளி, இவன் வெல்டிங் வைத்து முடித்ததும் கூர்ச் சுத்தியலோடு வந்து நிற்பார். வெல்டிங்கின் மேல் கருகிய ஓடு மாதிரி கசடு படிந்திருக்கும். அதைத் தட்டி உதிர்த்தால்தான் உள்ளே இரும்பு பிடித்திருக்கிறதா என்று தெரியும். அவர் தட்டுவார், குனிந்து பார்ப்பார், பிறகு திட்டுவார். நன்றாக இருந்தாலும் திட்டுதான். மைத்துனன் தினமும் சாப்பிடும்போது அந்தத் திட்டுகளை நடித்துக் காட்டுவான். நாங்கள் சிரிப்போம். அவன் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

ஒரு நாள் அவன் பட்டறைக்கே போகாமல், கால் தரையில் படாமல் வீட்டுக்கு வந்தான். வெளிநாட்டுக் கப்பல் கட்டும் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்களாம். கடைத்தெருவில் ஃபர்னிச்சர் கடைக்கு மாடியில் ஆபீஸ். வெல்டிங் டெஸ்ட் கொடுத்தானாம். வந்திருந்த இன்ஜினியர் அவன் தோளைத் தட்டி, "என் சர்வீஸ்ல இப்படி ஒரு கையைப் பார்த்ததே இல்ல" என்றாராம். அந்த டெஸ்ட் துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து டிவிக்குப் பக்கத்தில் வைத்தான். கப் ஜெயித்தவன்கூட அப்படி வைக்கமாட்டான்.

என் மனைவி அந்தத் துண்டை எடுத்துப் பார்த்தாள். கசடு அப்படியே இருந்தது.

"தட்டிப் பார்க்கலையாடா அவரு?"

"பெரிய ஆளுங்களுக்குத் தட்டணுமாக்கா? பார்வையிலேயே தெரிஞ்சிடும்."

அவள் துண்டைத் திரும்ப டிவிக்குப் பக்கத்திலேயே வைத்தாள். மறுநாள் காலையிலேயே என்னை இழுத்துக்கொண்டு அந்த மாடிக்குப் போனாள். வாசலில் போர்டு இல்லை, எழுதக் கொடுத்திருக்கிறார்களாம். லைசென்ஸ் நம்பர் கேட்டாள், புதுப்பிக்கப் போயிருக்கிறதாம். விசா என்ன வகை என்றாள். இப்போதைக்குச் சுற்றிப்பார்க்கிறவர்களுக்குக் கொடுக்கிற விசா, அங்கே போனதும் மாற்றிக்கொள்ளலாமாம். கம்பெனியோடு போனில் பேசலாமா என்றால், அதற்குக் கம்பெனியே அனுமதிப்பதில்லையாம். ஏஜென்ட் சென்ட் மணக்க மணக்கச் சிரித்தான், அக்கா நல்ல விவரம் என்று பாராட்டி டீ வரவழைத்தான். அவள் தொடவில்லை. நான் குடித்துத் தொலைத்தேன். இன்ஜினியர் என்கிறவர் மூலையில் ஃபேனுக்கு அடியில் வெள்ளை ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தார். ஃபேன் கழன்று விழும் என்று பயமோ என்னவோ.

படி இறங்கும்போது சொன்னாள்: "கேள்வி கேட்டு முடிக்கிறதுக்குள்ள பதில் வருதுங்க. இதே கேள்விய எத்தனை அக்கா கேட்டுட்டுப் போயிருப்பாளோ."

வீட்டில் பெரிய சண்டை. பார்வையாளர் விசாவில் போய் வேலை செய்தால் அங்கே நீதான் குற்றவாளி, பாஸ்போர்ட்டையும் பிடுங்கிக்கொண்டு விட்டால் எந்தத் தெருவில் போய் நிற்பாய் என்று இவள் கத்தினாள். உனக்கு யாரைத்தான் நம்பத் தெரியும் என்று அவன் கத்தினான். பட்டறை வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டதையும் அப்போதுதான் சொன்னான். வெள்ளிக்கிழமை பாஸ்போர்ட்டையும் பணத்தையும் கொடுத்தாக வேண்டும், மாட்டேன் என்று தடுத்தால் இந்த வீட்டுக்குள் இனிமேல் காலெடுத்து வைக்கமாட்டேன் என்றான். பாஸ்போர்ட் இவள் பீரோவில், சாவி இவள் கழுத்துச் சங்கிலியில். எத்தனை நாளைக்குத்தான் ஒரு சாவியை வைத்துக்கொண்டு ஓர் ஆளைப் பிடித்து நிறுத்துவது? அவள் பயந்துவிட்டாள். அவள் பயந்து அன்றுதான் பார்த்தேன்.

அவன் வெளியே போனதும் என் கடைக்கு வந்து நின்றாள்.

"நீங்க போய் அந்த டெஸ்ட்டைக் குடுங்க."

"எனக்கு ஊசி பிடிக்கத்தானே தெரியும்?"

"அதனாலதான் சொல்றேன்."

பழைய சட்டையும் மடித்து வைத்த நோட்டும் ஞாபகத்துக்கு வந்தன. மறுபேச்சுப் பேசாமல் போனேன். என் முகம் ஏஜென்ட்டுக்கு நினைவிருந்தது. எனக்கும் போக ஆசை, நானும் வெல்டர்தான் என்று புளுகினேன். அவன் முகம் மலர்ந்தது. பின்பக்க ஷெட்டில் கண்ணாடி வைத்த முகமூடியையும் வெல்டிங் ராடு மாட்டிய பிடியையும் கையில் கொடுத்து, இரண்டு தகட்டைச் சேர்க்கச் சொன்னார்கள். ராடு தகட்டில் பட்டதும் வெடித்த வெளிச்சத்தில் அம்மா என்று அலறிவிட்டேன். பிறகு ராடு ஒட்டிக்கொண்டது. இழுத்தால் தகடும் கூடவே வந்தது. நான் இழுக்க, அது வர, கொஞ்ச நேரம் மல்லுக்கட்டினோம். கடைசியில் இரண்டு தகட்டுக்கும் நடுவே காக்கை எச்சம் மாதிரி என்னவோ விழுந்திருந்தது.

இன்ஜினியர் குனிந்து பார்த்தார். ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டார். என் தோளைத் தட்டினார்.

"என் சர்வீஸ்ல இப்படி ஒரு கையைப் பார்த்ததே இல்ல."

உண்மையைச் சொல்லவேண்டும். பொய் என்று தெரிந்தும் என் நெஞ்சு ஒரு கணம் குளிர்ந்துவிட்டது. தைக்கத் தொடங்கிய நாளிலிருந்து கை இறுக்குது, கழுத்து தொங்குது என்பதைத் தவிர வேறு பேச்சு நான் கேட்டதில்லை. மைத்துனன் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த ஷெட்டிலேயே போய்விட்டது. ஞாபகத்துக்கு வேண்டும் என்று கெஞ்சி அந்தத் துண்டை வாங்கிவந்தேன்.

அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தட்டுக்குப் பக்கத்தில் என் துண்டை வைத்தேன். பார்த்ததும் சிரித்துவிட்டான்.

"யாரு மாமா இந்தக் கொடுமையைப் பண்ணினது?"

"நான்தான் மாப்ளே. உங்க ஆபீஸ்லதான். பாஸாயிட்டேன்."

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. கரண்டியின் காம்பால் லேசாகத் தட்டினான். கசடு உதிர்ந்தது, கூடவே வெல்டிங்கும் உதிர்ந்தது. தகடுகள் தனித்தனியாக விழுந்தன.

"என்ன சொன்னாரு?"

நான் மனைவியைப் பார்த்தேன். ஜெயித்த முகம் இல்லை அவளுக்கு. சொல்லவேண்டாம் என்று கண்ணாலேயே கேட்டாள். சொல்லாமல் விட்டால் வெள்ளிக்கிழமை வந்துவிடும். சொன்னேன்.

"தோளைத் தட்டினாரா?"

"தட்டினாரு."

அவன் கை தன்னையறியாமல் தோளுக்குப் போயிற்று. சாப்பாடு அப்படியே கிடந்தது. ஏமாற்றிவிட்டான் என்று கத்தியிருந்தால் தேவலை. தலையைக் குனிந்துகொண்டு சின்னக் குரலில், "அப்ப என் கையும் ஒண்ணும் இல்லையாக்கா?" என்றான்.

அவள் எழுந்தாள். டிவிக்குப் பக்கத்திலிருந்த அவன் துண்டை எடுத்துத் தரையில் போட்டாள். அவன் கருவிப் பெட்டியிலிருந்து சுத்தியலை எடுத்து ஓங்கி ஒரு போடு போட்டாள். கசடு தெறித்தது. மறுபடி அடித்தாள், திருப்பிப் போட்டு அடித்தாள், மூச்சு வாங்க வாங்க அடித்தாள். தரைதான் விரிசல் விட்டது. துண்டை அவன் மடியில் வைத்தாள்.

"பிரியலடா. நான் சோதிச்சுட்டேன்."

எதையும் சோதிக்காமல் நம்பாதவள் சொன்ன வார்த்தை அது. அவன் அதைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான்.

மறுநாள் என் துண்டின் இரண்டு பாதியோடு மூவரும் அந்த மாடிப்படிக்குக் கீழே நின்றோம். டெஸ்ட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அவள் என்னைக் காட்டி, இவர் தையல்காரர், இவரும் பாஸ் என்றாள். கும்பல் திரும்பிப் போயிற்று. சிலர் எங்களோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தார்கள். போலீஸ் போய்ப் பார்த்தபோது மாடியில் ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

கொஞ்ச காலம் கழித்து, அரசாங்கப் பதிவு உள்ள இடமா என்று இவள் நேரிலேயே போய் விசாரித்த ஒரு நிறுவனத்துக்கு டெஸ்ட் கொடுக்கப் போனான். முகம் தொங்கத் திரும்பி வந்தான். அங்கே தட்டிப் பார்த்தார்களாம், இடுக்கியில் வைத்து வளைத்தும் பார்த்தார்களாம். ஓர் ஓரத்தில் குறை கண்டுபிடித்து, இன்னொரு தடவை வைக்கச் சொன்னார்களாம்.

"திட்டினாங்களாடா?" என்றாள்.

"எல்லார் முன்னாடியும் திட்டினாங்கக்கா."

அவள் முகத்தில் நிம்மதி வந்தது.

"சரி, அப்ப மேற்கொண்டு விசாரிக்கலாம்" என்றாள்.